தலைப்பக்கமா, வால்பக்கமா?

செமினியிலிருந்து வேலை மாற்றலாகிக் கடலோரக் காப்பாருக்குக் குடிவந்த ஜெயராஜ், கடலைப் போர்ட்டிக்சன் பிக்னிக்கில் பார்த்ததோடு சரி. ஆனால் ஆசை யாரை விட்டது? பக்கத்து வீட்டு வேலாயுதமும் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் படகெடுத்துத் தூண்டில் போடப் போவார்கள். அந்தப் படகில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அவன் தவம் கிடந்தான்.

முழங்கை நீளத்துக்கு ஒரு மீனைச் சொந்தமாகப் பிடித்தால் இடம் உண்டு என்றார் வேலாயுதம். சரியென்று கரைக்குப் போனான். முதல் நாள் முள் அவன் சட்டையையே பிடித்தது. அடுத்த வாரம் ஒரு சிலிப்பரைச் சேறு விழுங்கிவிட்டது. கரையே சிரித்தது. பாசார் மீன்கடையில் மீன் பிடித்துப் பழகச் சொல்லி வேலாயுதம் வேறு நக்கலடித்தார்.

பார்த்தான் ஜெயராஜ். புரட்டாசிச் சனிக்கிழமை தமிழன் ஒருத்தனும் கரைக்கு வரமாட்டான். தெருவே விரதமிருந்து பெருமாள் கோயிலுக்குப் போய்விடும். இவன் வேதக்காரன், இவனுக்கு அந்தத் தடை இல்லை. விழுந்து எழுந்தாலும் பார்க்க ஆளில்லை என்று சந்தோஷமாகக் கிளம்பினான்.

அன்றைக்கென்று பார்த்து மாட்டியது முழங்கையைத் தாண்டும் ஒரு சியாக்காப் மீன். இழுத்த இழுப்பில் ஆளே கடலுக்குள் போயிருப்பான். அப்போது பாக்காவ் என்ற அலையாத்தி மரத்துக்குப் பின்னாலிருந்து கைவலையோடு பாய்ந்து வந்து மீனை அள்ளினார் ஒருவர். நெற்றியில் பளிச்சென்று நாமம். பெருமாள் கோயிலில் இருக்க வேண்டிய வேலாயுதமேதான்.

"தம்பி, மீனை நீயே வச்சுக்க. நான் இங்க வரல. வீட்டுல மாரியாயிக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சுருவா லா."

ஜெயராஜ் வாக்குக் கொடுத்தான். மீனோடு தெருவுக்குள் நுழைந்தபோது வேலாயுதத்தின் மனைவி மாரியாயி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டைச் சாத்தினார். ஆண்கள் பாசாரில் வாங்கிய மீன் என்று சிரித்தார்கள். அவர்களோடு நின்று வேலாயுதமும் சிரித்தார். அட பாவி மனுஷா என்று ஜெயராஜ் மனசுக்குள் திட்டினான். ஆனாலும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான்.

புரட்டாசி முடிந்தது. முதல் ஞாயிறு படகுத்துறையில் ஜெயராஜ் மறுபடியும் இடம் கேட்டான். படகில் ஏறி உட்கார்ந்திருந்த கூட்டாளி கார்த்திகேசு, அவ்வளவு பெரிய மீனைக் கைவலை இல்லாமல் கரையேற்ற முடியாது, இவனிடம் வலையே கிடையாது என்று அடித்துப் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேலாயுதம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுக்க நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு மாரியாயி கரையில் நின்றார்.

கார்த்திகேசு விடவில்லை. "வலையே இருந்தாலும் எவனோ கத்துக்குட்டி வால்பக்கமா அள்ளியிருக்கான். தெருவுல பார்த்தேனே, செதிலெல்லாம் பேந்து கிடந்துச்சே."

முப்பது வருஷமாக மீன் பிடிக்கிறவருக்கு இது பொறுக்குமா? வேலாயுதத்துக்கு ரத்தம் கொதித்தது.

"எவன்டா வால்பக்கமா அள்ளுனான்? தலைப்பக்கமாத்தான்டா அள்ளுனேன்."

மாரியாயி கத்தவில்லை. அதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

"அன்னைக்குப் பெருமாளுக்கா வலை போட்டீங்க? எறங்குங்க."

வேலாயுதம் இறங்கினார். ஜெயராஜ் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, அவர் இடத்தில் உட்கார்ந்தான். மாரியாயி குனிந்து பொட்டலத்தை அவன் மடியில் வைத்தார்.

"நீங்க சாப்பிடுங்க தம்பி. இவரு இன்னைக்கு விரதம்."