ஈர ஊரில் ஏழு நாள்

வீட்டுக்காரர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். தங்கமான மனிதர். உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். அன்றைக்கும் அப்படி உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வாடகை மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது என்றார்.

"நான் என்னம்மா பண்றது? பக்கத்துத் தெருவுல இதைவிட ஜாஸ்தி குடுத்துட்டு வர்றாங்க. முடியலேன்னா சொல்லிடுங்க. ரெண்டு மாசம் டைம் தர்றேன்."

அவர் போனதும் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆறு வருடத்தில் இது நான்காவது வீடு. ஒவ்வொரு முறையும் கடலிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளிப் போயிருந்தார்கள்.

வருடம் முழுக்க வெயில் அடிக்கிற ஊர் அது. அதைச் சொல்லித்தான் விற்றார்கள். எந்தச் சாலையில் திரும்பினாலும் ஒரு பெரிய விளம்பரப் பலகை, அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு குடும்பம், பின்னால் நீல வானம். குளிர் தாங்காதவர்களும் காசு சேர்ந்தவர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். காலி மனை என்று ஒன்று கண்ணில் பட்டால் அடுத்த மாதம் அங்கே கிரேன் நிற்கும்.

அந்த உயரக் கட்டடங்களுக்கு வெளிக் கண்ணாடி பொருத்துவதுதான் அவனுக்கு வேலை. கயிற்றில் தொங்கிக்கொண்டு, ஆள் உயரக் கண்ணாடியை ரப்பர் பிடியால் கவ்விச் சட்டத்தில் உட்கார வைக்க வேண்டும். முழங்கைக்குக் கீழே தோல் வெந்து கறுத்திருந்தது. அவள் டயாலிசிஸ் மையத்தில் டெக்னீஷியன். சிறுநீரகம் பழுதானவர்களை வாரம் மூன்று நாள் மெஷினில் போட்டு, இரத்தம் சுத்தமாகும் நான்கு மணி நேரமும் எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த எண்களில் ஒன்று இறங்கினாலும் அவள் கை தானாக மெஷினுக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கண் எண்களையே தேடும்.

இந்த ஊருக்கு அவர்கள் வெயில் காய வரவில்லை. மகளுக்காக வந்தவர்கள். மூன்று வயதில் குட்டிக்கு இளைப்பு. அப்போது இருந்தது ஒரு ஈர ஊர். சுவரில் பாசி பிடிக்கும், துவைத்த துணி நான்கு நாள் ஆனாலும் காயாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாத மாதமே இல்லை. "காய்ஞ்ச ஊருக்குப் போய்ப் பாருங்க" என்றார் டாக்டர். வந்து நான்கே மாதத்தில் இளைப்பு நின்றது. இன்ஹேலர் மட்டும் ஒரு காவலுக்குப் பள்ளிப் பையில் கிடந்தது. குட்டிக்கு இப்போது ஒன்பது வயது. ஓட்டப் பந்தயத்தில் எல்லாம் ஓடுகிறாள்.

வாடகை விஷயம் காதில் விழுந்ததும் நாத்தனார் போன் செய்தாள். அவனுடைய அக்கா. அந்த ஈர ஊரில்தான் தையல் கடை வைத்திருந்தாள்.

"மாடி சும்மாத்தான் கிடக்கு. ரெண்டு ரூமு. வாடகைன்னு ஒரு பேச்சு எடுத்தீங்க, உதைப்பேன். இங்க பெரியாஸ்பத்திரியில உன்னோட வேலைக்கு ஆளு தேடிட்டே இருக்காங்க. நான் விசாரிச்சுட்டேன். மாசக் கடைசிக்குள்ள சரின்னு சொல்லணுமாம்."

"அண்ணி, குட்டிக்கு அந்த ஊரு..."

"அதெல்லாம் வளர்ந்தா போயிடும்டி. என் கடைக்கு வர்றவங்க வீட்டுல எத்தனை பிள்ளைங்களைப் பார்த்துட்டேன்!"

டாக்டரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். சில பேருக்குப் போய்விடும், சில பேருக்குப் போகாது. குட்டி எந்தக் கட்சி என்று அங்கே போனால்தான் தெரியும்.

அவனுக்குப் போக மனமில்லை. "அங்க மூணு மாடிக்கு மேல யாரு கட்டுறா? நான் என்ன, பாத்ரூம் கண்ணாடி மாட்டிட்டு உக்காந்திருக்கவா?" என்றான். அடுத்த நாள் வேலையிலிருந்து வந்து, கால் கழுவாமலே, "போறதுன்னா போவோம். பன்னெண்டாவது மாடியில தொங்கிட்டு இருக்கேன், கண்ணாடியில தெரியுற என் மூஞ்சியே என்கிட்ட வாடகை கேக்குது" என்றான். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு முடியலைங்க. மாசம் பொறந்தாலே நெஞ்சைப் பிடிக்குது. அங்க போனா கொஞ்சம் மூச்சு விடலாம்னு தோணுது."

குட்டி பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பள்ளி விடுமுறையில் அவளும் குட்டியும் ஏழு நாள் அங்கே போய் இருந்து பார்ப்பது. மூச்சு சரியாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குச் சரி சொல்லிவிடுவது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மையத்தில் மூன்றாம் நாற்காலிக்கு வருகிற முன்னாள் லாரி டிரைவர், ஒரு வாரம் அவள் இருக்கமாட்டாள் என்றதும் கையை நீட்டியபடியே கேட்டார்: "சிஸ்டர், ஒரேயடியா கிளம்பப் பார்க்குறீங்களா? மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே." அவள் மெஷினைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

ஈர ஊர் மாறவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூறல். நாத்தனார் வாசலிலேயே குட்டியைக் கட்டிக்கொண்டாள். அவள் அளவுக்கு ஒரு கம்பளிச் சட்டை ஏற்கெனவே தைத்து வைத்திருந்தாள். மாடி அறைகளுக்குப் புதுத் திரை போட்டிருந்தாள். அலமாரியைத் திறந்தபோது பூஞ்சை வாடை அடித்தது. குட்டியின் அம்மா சட்டென்று மூடினாள்.

முதல் நாள் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. அவள் கண் காது எல்லாம் குட்டியின் நெஞ்சிலேயே இருந்தது. சாப்பிடும்போது, படியேறும்போது, அத்தையின் கடையில் பட்டன்களை நிறம் பிரித்து அடுக்கும்போது, அந்த மூச்சில் ஒரு கீச்சுச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வரவில்லை. தும்மினால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னடி அப்படிப் பார்க்குற, பிள்ளை பயந்துக்கப் போகுது" என்று நாத்தனார் அதட்டினாள்.

நான்காம் நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போய் மேலதிகாரியைப் பார்த்தாள். புது மெஷின்கள், வெயில் படாத அமைதியான அறை. அந்த அம்மாள், "எப்போ சேர்றீங்க?" என்றே கேட்டார். அவள் வாய் தவறிச் சொல்வதுபோல், "அடுத்த மாசம்" என்று சொல்லிவிட்டாள். வெளியே வந்து கணவனுக்கு போன் செய்தபோது குரலில் துள்ளல் இருந்தது. "ஒரு இருமல்கூட இல்லைங்க. நாலு நாளாச்சு."

"நிஜமாவா?"

"நிஜமா."

"சரி, அப்போ நான் வேலைய விடுறதா மேஸ்திரிகிட்ட சொல்லிடுறேன்" என்றான்.

ஆறாம் நாள் காலை, குட்டியின் கம்பளிச் சட்டை மழையில் நனைந்து கிடந்தது. அடுப்புப் பக்கம் காய வைக்க எடுத்தவளுக்குச் சட்டைப் பையில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. இன்ஹேலர். கூடக் கொண்டுவந்த பள்ளிப் பையில் இருக்க வேண்டியது இங்கே எப்படி? அதன் முதுகில் மருந்து இன்னும் எத்தனை முறை வரும் என்று காட்டுகிற சின்ன எண் இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் அவள் பார்த்திருந்தாள். எண் பார்ப்பது அவளுக்குத் தொழில். அப்போது நூற்றுப் பன்னிரண்டு. இப்போது எண்பத்தெட்டு.

அவள் எண்ணைக் கட்டைவிரலால் துடைத்து மறுபடி பார்த்தாள். இருபத்து நான்கு. ஒரு தடவைக்கு இரண்டு என்றால் பன்னிரண்டு தடவை. நான்கு நாளாகக் குளிர் என்று சொல்லிக்கொண்டு அடிக்கடி பாத்ரூம் போனாளே பிள்ளை. போனதும் குழாயைத் திறந்துவிடுவாளே.

மாடியில் குட்டி போர்வைக்குள் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் குனிந்து மகளின் முதுகில் காதை வைத்தாள். வெளியே கேட்காத சத்தம் உள்ளே கேட்டது. கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல் மெல்லிய விசில்.

"எப்போலேருந்து?"

குட்டி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"திட்டமாட்டேன். சொல்லுடா."

"ரெண்டாவது நாள்லேருந்து."

"ஏன் சொல்லல?"

குட்டி பென்சிலையே பார்த்தாள். "நீ அப்பாகிட்ட சொன்னியே. இங்க வந்தாதான் உன்னால மூச்சு விட முடியும்னு. எனக்குத்தான் மருந்து இருக்கே. உனக்கு இல்லையே."

அவள் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அழக்கூடாது என்று நினைத்தாள். அழுதால் அதையும் இந்தப் பிள்ளை தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

"அது சும்மா ஒரு பேச்சுடா. கவலையா இருந்தா பெரியவங்க அப்படிச் சொல்றது. என் நெஞ்சுக்கு ஒண்ணும் இல்ல. இனிமே மூச்சு இழுத்தா அந்த நிமிஷமே என்கிட்ட சொல்லணும். எதையும் மறைக்கக் கூடாது."

"நீங்க மட்டும் மறைக்கிறீங்க. வாடகைன்னு சொன்னா குரலைக் குறைச்சுடுறீங்க."

அவள் மகளின் தலையைக் கோதினாள். "சரி. இனிமே நாங்களும் மறைக்கமாட்டோம்" என்றாள்.

நாத்தனாரிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடையில் யாருமில்லாத நேரமாகப் பார்த்துப் போய்ச் சொன்னாள். நாத்தனார் தையல் மெஷினை நிறுத்தவில்லை. ஒரு நீளத் தையல் முழுக்க ஓட்டி முடித்த பிறகு, "திரையெல்லாம் புதுசாப் போட்டேன்" என்றாள்.

"தெரியும் அண்ணி."

"ரெண்டு நாள் டாக்டர்கிட்ட காட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமேடி."

"பன்னெண்டு தடவை அண்ணி. பாத்ரூமுக்குள்ள, தனியா."

நாத்தனார் நூலை அறுத்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள், மறுபடி போட்டாள், மறுபடி கழற்றினாள். "நான் பக்கத்துலயே இருந்திருக்கேன். பட்டனை அடுக்கிட்டு இருந்தா. சமத்துன்னு நினைச்சேன்" என்றாள். அப்புறம் எழுந்து மாடிக்குப் போனாள். கீழே நின்ற இவளுக்கு, அத்தை மருமகளைக் கொஞ்சுகிற குரல் மட்டும் கேட்டது. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனதும் நாத்தனார்தான். நெஞ்சைச் சோதித்த டாக்டர், ஊருக்குக் கிளம்புவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

பெரியாஸ்பத்திரிக்கு அவள் பஸ் நிலையத்திலிருந்து போன் செய்தாள். இரண்டே வாக்கியம். வைத்த பிறகும் வெகு நேரம் போனைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

அவன் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டிருந்தான். மறுநாள் போய், சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. "புதுசா ஒருத்தனை எடுத்துட்டேனேப்பா" என்றார் மேஸ்திரி. அந்த ஆள் வராமல் போனதால் நான்கு நாள் கழித்துத்தான் வேலை திரும்பக் கிடைத்தது.

இருந்த வீட்டைக் காலி செய்து, பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில் ஒரு வீடு பிடித்தார்கள். ஒரே அறை, ஒரு சமையல் மூலை. அவளுக்கு வேலைக்குப் போக ஒன்றரை மணி நேரம். ஆனால் ஜன்னல் பெரிது, சுவர் எலும்பாகக் காய்ந்திருந்தது. குட்டியின் மூச்சு இரண்டே வாரத்தில் சீரானது.

சாமான் இறக்கிய அன்று காலை, எதிர்மனையில் வரிசையாகக் குச்சிகள் அடித்திருந்ததை அவள் பார்த்தாள். குச்சி நுனியில் சிவப்புத் துணி. அளந்து போயிருக்கிறார்கள். கணவனும் பார்த்துவிட்டான் என்பது, அவன் அந்தப் பக்கம் திரும்பாமலே பீரோவைத் தூக்கியதில் தெரிந்தது.

குட்டிதான் கேட்டாள். "அப்பா, இங்கயும் பெருசா கட்டப் போறாங்களா?"

அவன் மனைவியைப் பார்த்தான். சொல் என்று அவள் தலையசைத்தாள்.

"ஆமாண்டா, கட்டப் போறாங்க."

"அப்போ இங்கயும் வாடகை ஏறுமா?"

"ஏறும். ரெண்டு வருஷம் ஆகலாம், முன்னாடியே ஆனாலும் ஆகும்" என்றாள் அவள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. எங்க போறதுன்னு மூணு பேரும் உக்காந்து பேசலாம்."

குட்டி கொஞ்சம் யோசித்தாள். "இப்பவே பேசணுமா?"

"இப்ப வேண்டாம்" என்றான் அவன், பீரோவின் எடையில் முகம் சிவந்து. "முதல்ல வழி விடு, தாயே."