ஏழு பத்துக்கு ஒரு கிணறு

காலை ஏழு பத்து. அந்த நேரம் யாத்திரை நோட்டீஸில் இல்லை.

நோட்டீஸில் இருந்தது: கடலூர் முதுநகர் ரயிலடி 5.30, சிதம்பரம் 8.00. நடுவில் எந்த ஊரின் பெயரும் கிடையாது. ஆனால் 1961 ஆனி முதல் ஒவ்வொரு முறையும் ஏழு பத்துக்கு வண்டி முட்லூரைத் தாண்டி ஒரு கிணற்றருகே நின்றது. இருபது நிமிடம் நின்றது.

காரணம் ரேடியேட்டர். முதலாளி சபாபதியின் பஸ் பழையது. இருபது மைல் ஓடினால் கொதிக்கும். முன்னால் ஆவி கிளம்பும். முதல் முறை கொதித்த இடத்தில் ஒரு ஓட்டு வீடும் கிணறும் இருந்தன. இரண்டாம் முறையும் அங்கேதான் கொதித்தது. மூன்றாம் முறை, கொதிப்பதற்கு முன்பே டிரைவர் அந்தோணிசாமி அங்கே ஓரங்கட்டினார்.

யாத்திரையை நடத்தியவர் பஞ்சநாதன். முதுநகரில் மணிலாக்கொட்டை மண்டியில் கணக்கு எழுதுபவர். மனைவி இறந்து, ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டுபோன பிறகு இதைத் தொடங்கினார். ஆண்டுக்கு இரண்டு யாத்திரை. ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் முடிந்து, கூட்டம் வடிந்த பிறகு வரும் ஞாயிறு.

முதல் நோட்டீஸில் ஒன்பது கோயில்கள். எட்டாவது கோயிலில் யாரும் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. உட்கார இடம் தேடினார்கள். அடுத்த முறை ஏழு கோயிலாக்கினார். 1963இல் ஐந்து. அந்த ஆண்டு அண்ணாமலைநகர் சேர்ந்தது. மகனைப் படிக்க வைக்க நினைத்தவர்கள் பல்கலைக்கழகத்தை வெளியே நின்று பார்த்தார்கள். ஒருவர் படிக்கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 1965இல் நெய்வேலிச் சுரங்கம் வந்தது, திருப்புன்கூர் போனது. அடுத்த ஆண்டு பிச்சாவரம் வந்தது, சீர்காழி போனது. வைத்தீஸ்வரன்கோயிலை மட்டும் எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு குழந்தைக்கு மொட்டை போட வேண்டியிருந்தது.

எது போனாலும் எது வந்தாலும் கிணறு இருந்தது.

அதைத் தீர்த்தமாக்கியவர் சின்னப்பிள்ளை. சோனாங்குப்பத்துக்காரர். மீன் விற்கும் பெண். முதல் ஆண்டு அந்தோணிசாமி பானெட்டைத் திறந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியதைப் பார்த்தார். புகை எழுந்தது. சின்னப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, தில்லைக்குப் போறதுக்கு முன்ன இங்க குளிச்சிட்டுத்தான் போவணுமா?" என்று அந்தோணிசாமியைக் கேட்டார்.

அந்தோணிசாமி மாதா கோயிலுக்குப் போகிறவர். இதெல்லாம் அவருக்குத் தெரியாது. "ஊத்திட்டுத்தாம்மா போவணும்" என்றார். அவர் சொன்னது வண்டிக்கு.

சின்னப்பிள்ளை கால் கழுவி, ஒரு வாய் குடித்து, தலையில் தெளித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் அப்படியே செய்தார்கள். மார்கழியில் நான்கு பேர் பாட்டில் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு யாரோ கிணற்றுச் சுவரில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள்.

கிணறு அமராவதியுடையது. கணவர் இல்லை. ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர்.

"என் கெணத்துல சாமந்திப் பூ மொதக்குது" என்று பஞ்சநாதனிடம் சொன்னார். "இது சாமி கெணறு இல்லன்னு உங்க ஆளுங்ககிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொல்றேன்" என்றார் பஞ்சநாதன்.

சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று நினைக்கவும் இல்லை. வண்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அமராவதி வாளியை வாங்கி அந்தோணிசாமியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் முடிந்துவிட்டது.

அந்த ஆண்டு கயிறு அறுந்தது. அடுத்த ஆனியில் பஞ்சநாதன் புதுத் தாம்புக்கயிறு கொண்டுவந்தார். பிறகு ஒவ்வொரு ஆனியிலும் கொண்டுவந்தார். அமராவதி மோர் கொடுத்தார். ஒரு முறை சட்டையில் பொத்தான் இல்லாததைப் பார்த்து, ஊசியை எடுத்து வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லாமல் அப்படியே தைத்தார். நூலைப் பல்லால் கடிக்கவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினார். பஞ்சநாதன் அந்த நேரம் முழுக்க வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு ஆண்டுகள். பதினான்கு முறை. கணக்கு எழுதுபவர் என்பதால் கூட்டிப் பார்த்தார். ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை.

1968 சித்திரையில் சபாபதி புது பஸ் வாங்கினார்.

அந்தோணிசாமி அதை ரயிலடிக்கு ஓட்டி வந்து பானெட்டைத் திறந்து காட்டினார். "மச்சான், மெட்ராஸ் வரைக்கும் ஓட்டிட்டு வரேன். தொட்டுப் பாரு. கொதிக்கவே இல்ல."

பஞ்சநாதன் தொட்டுப் பார்த்தார். "நல்ல வண்டி" என்றார்.

"நல்ல வண்டின்னுட்டு மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க?"

"எப்படி?"

"மண்டி எரிஞ்சு போன மாதிரி." அந்தோணிசாமி பானெட்டை மூடினார். குரலைத் தணித்துக்கொண்டார். "நான் வேணா நிறுத்தறேன். புது எஞ்சின், ஆறணும்னு சொல்றேன். யாரு கேப்பாங்க?"

"பொய் வேணாம்."

"அப்ப ஒரு நாளு தனியாப் போ. தெனமும் பஸ் ஓடுது."

"போயி? என்னான்னு சொல்லுவேன்?"

"தண்ணி குடிக்க வந்தேன்னு சொல்லு."

"கடலூர்லேருந்து தண்ணி குடிக்க வந்தேன்னா?"

அந்தோணிசாமி சிரித்தார். பஞ்சநாதன் சிரிக்கவில்லை.

புது நோட்டீஸ் எழுத உட்கார்ந்தார். பிச்சாவரத்துக்கு மூன்று முறை நேரம் தப்பிப் போய், தண்ணீர் வற்றி, தோணி போகாமல் கரையிலிருந்தே திரும்பியிருந்தார்கள். இந்த முறை கிள்ளையிலிருந்து தோணிக்காரர் ஆண்டி தபால் கார்டு போட்டிருந்தார். ஞாயிறு பத்தரைக்குள் வந்தால் தோணி உள்ளே போகும். கிணற்றில் மிச்சமாகும் இருபது நிமிடமும் புது வண்டியின் வேகமும் அதற்குச் சரியாக இருந்தன. பஞ்சநாதன் எழுதினார்: சிதம்பரம் 7.30. பிச்சாவரம் 10.15. இரண்டு முறை படித்துப் பார்த்தார். தவறு எதுவும் இல்லை. அச்சுக்குக் கொடுத்தார்.

அன்று மாலை பஜாரில் தாம்புக்கயிறு ஒன்றும் வாங்கினார்.

ஆனி ஞாயிறு. எல்லோரும் புது சீட்டைத் தட்டிப் பார்த்து உட்கார்ந்தார்கள். கயிறு பஞ்சநாதனின் காலடியில் இருந்தது. அவருக்குப் பின் சீட்டில் சின்னப்பிள்ளை. மடியில் காலி பாட்டில்.

"குலுக்கலே இல்லியே" என்றார் சின்னப்பிள்ளை. "தூக்கம் வந்துடும் போல."

ஆலப்பாக்கம் போனது. புதுச்சத்திரம் போனது. வண்டி ஆறு ஐம்பதுக்கே முட்லூருக்கு வந்துவிட்டது. பஞ்சநாதன் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். பார்த்தார். மறுபடி பையில் வைத்தார்.

ஓட்டு வீடு தெரிந்தது. கிணற்றடியில் இரண்டு வாளிகள் நிறைந்திருந்தன. அமராவதி மூன்றாவதை இழுத்துக்கொண்டிருந்தார். பஸ் சத்தம் கேட்டு நிமிரவில்லை. அது அவருக்குத் தெரிந்த சத்தம் இல்லை. நேரமும் ஆகவில்லை.

வண்டி கிணற்றைத் தாண்டியது.

பஞ்சநாதன் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடேய், நிறுத்து!" சின்னப்பிள்ளையின் குரல் மீன் மார்க்கெட் குரல். "கெணறு போவுது!"

அந்தோணிசாமியின் கால் பிரேக்கில் தயாராக இருந்தது போல வண்டி நின்றது.

பின்னால் சடையப்பன் எழுந்தார். மேல்பட்டாம்பாக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பிச்சாவரம் தோணிக்காகவே மூன்று முறை வந்து ஏமாந்தவர். "ஏம்மா, எதுக்கு நிறுத்தச் சொல்றீங்க? அங்க லேட்டாப் போனா தோணி கெடையாது."

"தீர்த்தம் எடுக்காமயா தில்லைக்குப் போறது?"

"தீர்த்தமா? அது ரேடியேட்டருக்குத் தண்ணி புடிச்ச கெணறு. இது கொதிக்காத வண்டி. நோட்டீஸப் பாருங்க, அதுல இருக்கா? அவரையே கேளுங்க."

எல்லோரும் பஞ்சநாதனைப் பார்த்தார்கள்.

"சொல்லு தம்பி" என்றார் சின்னப்பிள்ளை. "இது தீர்த்தமா இல்லியா?"

பஞ்சநாதன் எழுந்து நின்றார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். வண்டி நிற்கும். இன்று மட்டும் இல்லை, எப்போதும் நிற்கும். நோட்டீஸிலும் போட்டுக்கொள்ளலாம்.

"இல்லக்கா" என்றார். "வண்டிக்குத் தண்ணி எடுத்த கெணறுதான். நான் மொத வருசமே சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்பு."

ஒரு பெண் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தார்.

"பாத்தீங்களா?" என்று சடையப்பன் உட்கார்ந்தார். "வண்டிய எடுங்க டிரைவர்."

அந்தோணிசாமி எடுக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னப்பிள்ளை முன்னால் குனிந்தார். பஞ்சநாதனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "மொத வருசம் நான் ஏமாந்தது நெசம். ரெண்டாம் வருசமே தெரிஞ்சுபோச்சு. தீர்த்தத்துக்கு எறங்குறவன் எவனாவது முட்லூர் வந்ததும் தலைய வாருவானா?"

பஞ்சநாதனின் கை சட்டைப் பையை மூடியது.

சின்னப்பிள்ளை நிமிர்ந்தார். மறுபடி மார்க்கெட் குரல். "அவரு இல்லன்னு சொல்லிட்டா ஆச்சா? ஏழு வருசமா இந்தத் தண்ணிய எடுத்துட்டுப் போயி கட்டுமரத்துல தெளிச்சுத்தான் எம் மவன கடலுக்கு அனுப்புறேன். ஒரு நா வெறும் வலையோட வந்தானா? இவரு கணக்கு எழுதுறவரு. இவருக்கு என்னா தெரியும்?"

"அதானே" என்றது ஒரு குரல். மறைத்த பாட்டில் வெளியே வந்தது.

"தோணி?" என்றார் சடையப்பன்.

"வாத்தியாரே, இன்னிக்குப் பத்தரைக்கு மேல பதினொண்ணு வரைக்கும் தண்ணி நிக்கும். அப்பறந்தான் வத்தும். கார்டு போட்டவன் சோம்பேறி, சீக்கிரம் வூட்டுக்குப் போவப் பாக்குறான். நான் கடக்கரைல பொறந்தவ. தோணி போவலன்னா என்னயத் தண்ணில தள்ளிவுட்டுட்டு என் மேல ஏறி உக்காந்து சுத்திப் பாரு."

பஸ் முழுக்கச் சிரித்தது. சடையப்பனும் சிரித்துவிட்டார். "பத்து நிமிசம்" என்றார். "அதுக்கு மேல கெடையாது."

அந்தோணிசாமி அதற்குள் ரிவர்ஸ் எடுத்திருந்தார்.

எல்லோரும் இறங்கினார்கள். சின்னப்பிள்ளை முதலில் போனார். பஞ்சநாதன் சீட்டிலேயே இருந்தார்.

"எறங்கு மச்சான்" என்றார் அந்தோணிசாமி. "கயிற எடுத்துக்க. சீப்பையும்."

பஞ்சநாதன் சீப்பைத் தொடவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அமராவதி பஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்தார். பானெட்டின் மேல் கை வைத்தார். வரிசையாக வைத்திருந்த மூன்று வாளிகளைப் பார்த்தார். யாரும் அவற்றை எடுக்கவில்லை. கிணற்றைச் சுற்றிப் பாட்டில்கள் நிரம்பிக்கொண்டிருந்தன.

"கொதிக்கலியே" என்றார்.

"புது வண்டி" என்றார் பஞ்சநாதன். "இனிமே கொதிக்காது."

"போன வருசம் வாங்கின கயிறே நல்லாத்தான் இருக்கு."

"இருக்கட்டும்."

அமராவதி கயிற்றை வாங்கவில்லை. பஞ்சநாதன் அதைக் கையிலேயே வைத்திருந்தார். தலை கலைந்திருந்தது. ஜன்னல் காற்று.

"வண்டி மொதல்ல தாண்டிப் போச்சுல்ல?" என்றார் அமராவதி. "அங்க போயி நின்னப்பத்தான் பாத்தேன். அப்பறம் பின்னால வந்துச்சு."

"அவுங்க தீர்த்தம் எடுக்கணும்னாங்க."

"இது தீர்த்தம் இல்லன்னு சொல்லலியா?"

"சொல்லிட்டேன். இன்னிக்குத்தான் சொன்னேன்."

அமராவதி ஒரு வாளியைத் தூக்கி வேப்ப மரத்தடியில் ஊற்றினார். திரும்பி வந்தார். இந்த முறை நேராக அவர் முகத்தைப் பார்த்தார்.

"சரி. வண்டிக்குத் தண்ணி வேணாம். அவுங்க தீர்த்தத்துக்கு எறங்கிட்டாங்க" என்றார். "நீங்க எதுக்கு எறங்குனீங்க?"