நாற்பத்து நான்காவது பெயர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். எங்கள் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அன்புமொழி என்றால் கேன்டீன்காரர்கூட டீயை ஒரு தடவை ருசி பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

அந்த வாரம் கோபம் ஒரு சுற்றறிக்கையால் வந்தது. சனிக்கிழமையோடு கல்லூரியின் பழைய மெயில் மூடப்படும். ஆசிரியர்களுக்கும் அலுவலகத்தாருக்கும் புது முகவரி. அவர்களின் பழைய முகவரிக்கு வருவதெல்லாம் ஓராண்டுக்குப் புதியதற்குத் திருப்பிவிடப்படும். உதவியாளர்களுக்குப் புதியதும் இல்லை, திருப்பிவிடுவதும் இல்லை.

ஆய்வக உதவியாளர் சேவுகன் அண்ணன் என் மேஜை முன் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், கார்த்திகா இன்டர்வியூக்கு என் காலேஜ் மெயில் ஐடியத்தான் குடுத்துருக்கேன். பத்து நாள்ல ஆர்டர் வருமாம்."

கார்த்திகா அவர் மகள். நர்சிங் முடித்து இரண்டு வருடமாக வேலைக்கு அலைகிறாள். இப்போதுதான் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி கூப்பிட்டிருக்கிறது.

"போன் பண்ணி ஐடிய மாத்தச் சொல்லுங்கண்ணே."

"கேட்டுட்டா. இனிமே மாத்த முடியாதுன்னுட்டாங்க. அவ மட்டுமில்ல மேடம், எங்க நார்த்தாமலையில யாரு ஆன்லைன்ல எழுதிப்போட்டாலும் எங்கிட்டதான் வருவாங்க. நாப்பத்தி மூணு பேருக்கு இந்த ஐடிதான்."

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நேராக அலுவலக சூப்பிரண்டு ரெங்கசாமியிடம் போய், சேவுகன் அண்ணனுக்கு வருவதை வெளியே ஒரு முகவரிக்குத் திருப்பிவிடலாமா என்று கேட்டேன். ஓய்வு பெற அவருக்கு இரண்டே மாதம். அதுவரை எந்தத் தலைவலியும் வேண்டாம் அவருக்கு.

"காலேஜ் மெயில் வெளி ஐடிக்குப் போகக் கூடாதும்மா. அட்டெண்டருக்கெல்லாம் எதுக்கு இது?"

அந்த 'அட்டெண்டருக்கெல்லாம்' எனக்குச் சுருக்கென்றது. பிரின்சிபாலையே பார்த்துவிடுவது என்று திரும்பி வந்து, பெயர்களை எழுதித் தரும்படி சேவுகன் அண்ணனிடம் சொன்னேன். அவர் தன் மெயிலைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாக எழுதினார். நாற்பத்து மூன்றும் முடிந்தபின் பேனாவைத் தூக்கிப்பிடித்தார்.

"மேடம், இன்னொண்ணு இருக்கு. எழுதவா?"

திரையை எட்டிப் பார்த்தேன். ஓய்வூதிய விண்ணப்பம் கிடைத்தது, மேல்விவரம் இதே முகவரிக்கு வரும் என்றிருந்தது. விண்ணப்பதாரர் ரெங்கசாமி.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தப் பெயரையும் எழுதச் சொல்லி, சேவுகன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு பட்டியலை சூப்பிரண்டு மேஜையில் வைத்தேன். சார் கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எம்பேரு எப்பிடிப்பா இதுல?"

"பென்ஷன் பாரத்துல ஐடி கேட்டுச்சு சார். ஏதாச்சும் ஒண்ணப் போட்டு அனுப்புய்யான்னு நீங்கதான் சொன்னீங்க," என்றார் சேவுகன் அண்ணன், மிகுந்த பணிவோடு.

மெயிலைத் திருப்பிவிட பிரின்சிபாலின் கையெழுத்து பத்து நிமிடத்தில் வந்தது. வாங்கி வந்தவர் சூப்பிரண்டே. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் மனிதர்!

சேவுகன் அண்ணன் தன் போனில் சொந்தமாக ஒரு முகவரி தொடங்கினார். பழையதற்கு வருவதெல்லாம் அங்கே போகும்படி அமைத்துவிட்டு, பழையதற்கு ஒரு மெயில் அனுப்பினேன். அவர் சட்டைப்பையில் போன் மணியடித்தது. ஆசை அடங்காமல் இன்னும் மூன்று அனுப்பினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆய்வகத்தில் முப்பது பிள்ளைகள் இருக்கும்போது, சேவுகன் அண்ணன் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"வந்துருச்சு மேடம்! எம்மகளுக்கு ஆர்டர் வந்துருச்சு!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தம் கேட்டு சூப்பிரண்டு வாசலில் வந்து நின்றார்.

"சேவுகா, என்னோடது ஏதும் வந்துச்சாய்யா?"

"பாத்துச் சொல்றேன் சார்," என்றார் சேவுகன் அண்ணன். "மொதல்ல எம்மகளுக்கு போன் பண்ணிக்கிறேன், செத்த இருங்க."

சூப்பிரண்டு இருந்தார்.