சின்ன அளவு முனி

பர்மாவில், லான்மடாப் பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு செங்கல் மாளிகை இருக்கிறது. விக்டோரியா ராணி காலத்தில், தன்லியினில் சூளை வைத்துப் பணம் பண்ணிய பார்ன்ஸ்டன் துரை கட்டியது. ஊரார் குடியிருக்க வீடு கட்டுவார்கள். இவர் சரக்கைக் காட்ட வீடு கட்டினார். ஒரு சன்னலைப் போல இன்னொரு சன்னல் கிடையாது. செங்கல்லிலேயே கயிறு, தாமரை, அன்னாசிப்பழம். தரையில் ஏழு வகைப் பூ ஓடு, படிக்கட்டுச் சுவரில் பச்சைப் பீங்கான் மயில்கள். கக்கூஸில்கூட நீல ரோஜா. விருந்துக்கு வந்தவன் சோற்றை மறந்துவிட்டு விலை கேட்டிருப்பான்.

வாசலுக்கு மேலே சுட்டமண்ணில் ஒரு தலை. முறுக்கு மீசை, உருட்டு விழி. துரை போனபின் கீழ்த்தளத்தில் குடியேறிய எங்கள் தமிழ் ஆட்கள் அதை அண்ணாந்து பார்த்ததுமே முனீஸ்வரன் என்று கண்டுகொண்டார்கள். மஞ்சள், குங்குமம், எலுமிச்சை மாலை, வெள்ளிக்கிழமைக்கு ஒரு சுருட்டு. எதிரே என் குடைக்கடையைத் திறந்த அன்று நானும் சுருட்டு வைத்தவன்தான். அதனால் மற்றவர்களைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

இப்போது கீழ்த்தளத்தில் குடியிருப்பவள் புஷ்பலதா. தோசைக்கடையும் அங்கேதான், பூசையும் அவள்தான். வீட்டுக்காரர் தேவராஜுக்கு அவளைக் கிளப்பிவிட்டு மாளிகையை ஓட்டலாக்க ஆறு வருஷமாக ஆசை. பூசைக்காரியைத் துரத்தினால் முனி சும்மா விடாது என்று அவர் மனைவி பவானி பயந்தாள். தனக்குப் பயமே கிடையாது, மனைவிக்காகத்தான் பொறுத்திருக்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

போன மாதம் சஜிதாவைக் கூட்டிவந்தார். பழைய கட்டடங்களைப் பற்றிச் சிங்கப்பூரில் படித்த பெண். ஒவ்வொரு பூ ஓட்டையும் தடவித் தடவிப் பார்த்தாள். வாசலுக்கு வந்ததும் சிரித்துவிட்டு, துரையின் பழைய விற்பனைப் புத்தகத்தைப் போனில் காட்டினாள். எண் நாற்பத்தேழு: முதலாளியின் தலை, வாசலுக்கு உகந்தது, பெரிய அளவு, சின்ன அளவு. எங்கள் முனி சின்ன அளவு. பெரியது விற்றுப்போயிருக்கும்.

என் கொள்ளுத்தாத்தா அந்தச் சூளையில் கல் சுமந்தவர். அவரை வெயிலில் நிற்கவைத்த மனுஷனுக்கா நான் சுருட்டு வைத்தேன்?

தேவராஜுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முனியே இல்லை என்றால் பூசை எதற்கு, பூசைக்காரி எதற்கு என்றார். தலையைப் பெயர்த்து ஓட்டலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், புஷ்பலதா மாதக் கடைசிக்குள் காலி செய்யட்டும் என்றார். இருபது வருஷத் தோசைக்கல்லோடு அவள் எங்கே போவாள்?

அவள் மட்டும் அசரவில்லை.

"தொரையாவே இருக்கட்டும்ண்ணே. அன்னிக்கி எங்க ஆளுங்க அவரைச் சுமந்தாங்க. இன்னிக்கி அவர் எங்களைச் சுமக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலையில் பர்மியக் கொத்தனார்கள் ஏணியோடு வந்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். இதில் நட் குடியிருக்கிறது என்று சொல்லி ஏணியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நட் என்றால் அவர்களுடைய காவல் தெய்வம்.

வெறும் சுட்ட மண்ணுக்கு இவ்வளவு பயமா, நானே பெயர்க்கிறேன் என்று தேவராஜ் லுங்கியை மடித்துக் கட்டினார். உளியை எடுத்தார். முதல் படியில் கால் வைக்குமுன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

தெருவே பார்த்தது. அவரும் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

புஷ்பலதா உள்ளேயிருந்து சுருட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"எப்படியும் மேல போறீங்க. இதையும் வச்சிட்டு வந்துருங்கண்ணே, இன்னிக்கி வெள்ளிக்கிழமை."

வாங்கிக்கொண்டு ஏறினார். இறங்கும்போது உளி கையில் இருந்தது. சுருட்டு இல்லை.