அரை விநாடி ஓட்டை

சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு புரோகிராமர் தன் லேப்டாப்பை மனைவி பக்கம் திருப்பி வைத்தான். கறுப்புத் திரை. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கட்டளையைத் தட்டினால் கோப்பைப் பூட்டும், திறக்கும். எட்டு மாதம் தூக்கம் கெட்டு அவன் எழுதிய கருவி. திங்கட்கிழமை காலை ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளின் கோப்புகளையெல்லாம் இதை நம்பித்தான் பூட்டப் போகிறது.

"நான் தினமும் எத்தனை சுற்று ஓடினேன்னு கேட்பியே, அந்தப் பட்டியலை இதுக்குள்ள பூட்டியிருக்கேன். முடிஞ்சா திற, பார்க்கலாம்."

அவள் பள்ளியில் ஓட்டப் பயிற்சியாளர். "தப்பான பாஸ்வேர்ட் போட்டா உடனே திட்டுமா?"

"உடனே திட்டாது. அங்கதான் என் மூளை! ஒவ்வொரு எழுத்தா அரை விநாடி நிதானமா சரிபார்க்கும். தப்பு வந்த இடத்துல நின்னுடும். திருடனுக்கே கொட்டாவி வந்துடும்."

கொட்டாவி முதலில் அவனுக்குத்தான் வந்தது. குட்டித் தூக்கம் போட்டு எழுந்து வந்தால், அவள் கையில் ஸ்டாப்வாட்ச். திரையில் அவன் பட்டியல்.

"ஏங்க, என்கிட்ட எட்டு சுற்றுன்னு சொன்ன அன்னிக்கு, இங்க 'பெஞ்சில் உட்கார்ந்தேன்'னு இருக்கே?"

அவன் பட்டியலைக் கண்டுகொள்ளவே இல்லை. "எப்படித் திறந்தே?"

"முதல் எழுத்தா ஒவ்வொண்ணையும் போட்டேன். எல்லாத்துக்கும் அரை விநாடியில தப்புன்னுச்சு. ஒரே ஒரு எழுத்துக்கு மட்டும் ஒரு விநாடி. அப்போ அது சரி, அடுத்ததுலதான் தடுக்குதுன்னு புரிஞ்சுது. இப்படியே ரெண்டு எழுத்து வந்ததும் வாட்சே தேவைப்படல. 'விசில்'! நீங்க சிநேகிதங்ககிட்ட பேசும்போது எனக்கு வச்ச பேராச்சே."

அவன் அசடு வழிந்தான். "எந்தத் திருடன் ஸ்டாப்வாட்சோட வருவான்?"

"கம்ப்யூட்டரோட வருவான். அது என்னைவிட நல்லா எண்ணும்."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரியோ தப்போ, எப்போதும் ஒரே நேரம் எடுத்துப் பதில் சொல்லும்படி மாற்ற வேண்டும். மாற்றிச் சோதிக்க ஒரு வாரமாவது ஆகும். "திங்கட்கிழமை கொடுத்துட்டு அப்புறமா சத்தமில்லாம சரி பண்ணிட்டா?"

"தாராளமா. அந்த ஆஸ்பத்திரியிலதானே உங்க மூலத்துக்கு ஆபரேஷன் பண்ணாங்க? அந்தக் கோப்பும் அங்கதான் இருக்கும்."

அவன் போனை எடுத்தான். வைத்தான். தண்ணீர் குடித்தான். ஜன்னலைச் சாத்தித் திறந்தான். மறுபடி எடுத்து மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவியைக் கூப்பிட்டான்.

"மேடம், கருவியில ஒரு ஓட்டை இருக்கு. ஒரு வாரம் டைம் வேணும்."

மறுமுனையில் பெருமூச்சு. "இப்பவாவது சொன்னீங்களே. யார் கண்டுபிடிச்சாங்க?"

"எங்க வீட்டு விசில், மேடம்."

பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம்.

"தப்பை ஒத்துக்க ஆறு நிமிஷம் இருபது விநாடி," என்றாள் அவள் வாட்சைப் பார்த்து. "கல்யாணம் ஆனதிலிருந்து இதுதாங்க உங்க ரெக்கார்ட்."