விழுங்கிய ‘ங்க’

“தீனா சாமி, எனக்குக் கால் கடுக்குது. இந்த மருந்து கேக்கல.”

“அம்மா சொல்லுதா?”

“ஆமாங்க, அத்தைதான்.”

“வேலைல பேசற மாதிரியே ஊட்டுலயும் பேசற புள்ள!”

கணவன் தீனதயாளன் போனில் சிரித்தான். அவன் சிரிப்பு அடங்கட்டும் என்று தனப்பிரியா காத்திருந்தாள்.

“எனக்கு இந்த ஊட்டுக்குள்ளயே கெடக்க முடியல. என்னயும் அங்க கூட்டிட்டுப் போ…”

“அம்மாளயா? போர் போடற ரிக் லாரில ஏத்திட்டா வரமுடியும்? கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு.”

“சரிங்க.”

அது போன தை மாதம். இப்போது கார்த்திகை. மாமியார் வசந்தாமணி கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். ஜபல்பூரிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய மகன் பெட்டியின் மேல் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தான். வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்த பிரியா, தட்டோடு அப்படியே நின்றாள்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போனில் மொழிபெயர்ப்பது அவள் வேலை. நோயாளி சொல்வதை ‘நான்’ என்றே சொல்ல வேண்டும், அதுதான் விதி. நெஞ்சு வலிக்கிறது, மாசமாக இருக்கிறேன், சாகப் பயமாக இருக்கிறது என்று ஐந்து வருடமாக யார் யாருக்காகவோ சொல்லியிருக்கிறாள். பக்கவாதத்தில் மாமியாரின் வாய் கோணி, பேச்சு பிரியாவுக்கு மட்டுமே புரியும் என்றானபோது, அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

அன்று போனில் ‘போங்க’ என்று முடிக்காமல், கூச்சத்தில் அந்த ‘ங்க’வை விழுங்கிவிட்டாள். அதனால் மனைவி கேட்டது தாய் கேட்டதாகிவிட்டது. கட்டிலில் படுத்திருந்த வசந்தாமணி, “நா எப்பக் கேட்டேன்? இந்திக்காரன் ஊருல எனக்கென்ன வேல?” என்று குழறினாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். கோணிய வாயில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அந்தக் கேள்வியையும் சிரிப்பையும் பிரியா மொழிபெயர்க்கவில்லை.

“எங்கூட வாரேன்னு கேட்டுச்சே மாமா!” தீனா தாய்மாமன் காளியண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினான். “வாய் தெறந்து கேட்டது அது ஒன்னுதான். நாந்தான் சிரிச்சுட்டேன்.”

“உடு சாமி. கட்டை அதுபாட்டுக்குப் போயிருச்சு. இனி அப்பனப் பாரு.”

“அப்பனுக்கென்ன?” மூக்கைச் சிந்தினாள் நாத்தனார் மஞ்சுளா. “பிரியா இருக்குது. ஊட்டுக்குள்ள உக்காந்து போன்ல பேசற வேலதான? மாமனாருக்குச் சோத்தப் போட்டுட்டுப் பேசிக்கும். பத்து வருசமானாலும் எங்க போகப்போவுது?”

“நான் என்ன படுத்தா கெடக்கறேன்? எனக்கு ஆக்கித் திங்கத் தெரியும்” என்றார் மாமனார் வெள்ளியங்கிரி. யாரும் காதில் வாங்கவில்லை.

பிரியாவின் வேலையில் இன்னொரு விதியும் உண்டு. பிழை தெரிந்த கணமே, யார் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்தித் திருத்த வேண்டும். பத்து மாதமாக அவள் திருத்தவில்லை. பேசாமலிருந்தால் அவன் செய்யாத பாவத்தைச் சுமந்துகொண்டு ஜபல்பூருக்குப் போவான். அவள் இந்த வீட்டுக்குள்ளேயே இருப்பாள்.

“ஏனுங்க.”

தீனா நிமிரவில்லை. வாசலில் குளிப்பாட்டத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, இங்க பாருங்க. அது அத்தை கேட்டதில்லீங்க.”

“இந்நேரத்துல என்ன பேச்சு பிரியா?” என்றாள் மஞ்சுளா.

பிரியா தட்டைத் தரையில் வைத்தாள். அவன் சிவந்த கண்களோடு அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

“நாந்தான் கேட்டனுங்க. என்னயும் கூட்டிட்டுப் போங்க.”