திருப்பி வைத்த கண்ணாடி

1

இந்தக் கதை எனக்குக் கிள்ளானில் ஒரு கருமாதி வீட்டில் கிடைத்தது. துக்கம் கேட்கப் போனவன் கதையோடு திரும்பினேன். எழுதுகிறவன் புத்தி அப்படி. காறித் துப்பிவிட்டுப் படியுங்கள்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘1934ஆம் வருஷ மழைக்காலத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் வேலை பார்க்கும் கன்னையா என்பவர் தமது மோட்டார் சைக்கிளில்...’

சீ, பத்திரிகைச் செய்தி மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

2

நேராகவே சொல்கிறேன். கன்னையாவின் அப்பா செத்துப்போனார். மூத்தவன் வேலாயுதம் கொள்ளி வைத்தான். கொள்ளி வைத்தவனும் சரி, கூடப் போனவர்களும் சரி, சுடுகாட்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. மற்றவர்கள் நடந்தார்கள். வேலாயுதத்துக்குக் காய்ச்சல் என்பதால் தம்பி கன்னையா அவனைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டான். கைப்பிடியில் பின்பக்கம் காட்டும் கண்ணாடி ஒன்று, அவன் ஆசையாக மாட்டியது. அதில் சிதைப்புகை தெரிந்தது.

“அதத் திருப்பி வைடா,” என்றான் வேலாயுதம். “அதுல பாத்தாலும் பாத்ததுதான்.”

கன்னையா திருப்பி வைத்தான்.

(இங்கே புகையை வர்ணித்து அரைப் பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. பிணத்துக்குப் பக்கத்தில் நின்று என்ன வர்ணனை வேண்டிக்கிடக்கிறது என்று கிழித்துப் போட்டேன்.)

3

பெரிய சாலையில் ஒரு பள்ளம். கன்னையா வலப்பக்கம் ஒதுங்கினான். கண்ணாடி உதவவில்லை, கழுத்தைத் திருப்பவும் பயம். பின்னாலிருந்து முந்த வந்த லோரி இடித்துவிட்டது. தம்பிக்குக் கை முறிந்தது. அண்ணன் அங்கேயே போய்விட்டான்.

4

அண்ணனின் கருமாதிக்குத்தான் நான் போனேன். கன்னையா கண்ணாடியில் பார்த்துவிட்டான், அதனால்தான் அப்பன் மூத்தவனையும் கூட்டிக்கொண்டார் என்று பந்தியில் பேசினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வேலாயுதத்தின் மனைவி வீரம்மா, கொழுந்தன் முன்னால் வந்து நின்றாள்.

“பாத்தியா தம்பி, பாக்கலியா? ஒண்ணு சொல்லு.”

பார்த்தேன் என்று அவனைச் சொல்ல வைக்கலாம். வழக்கத்தை மீறி அண்ணனைக் கொன்றவன் ஆவான். பார்க்கவில்லை என்று சொன்னால், பின்னால் என்ன வருகிறது என்றுகூடப் பார்க்காமல் அண்ணனைக் கொன்றவன். திருப்பச் சொன்னதே உன் புருஷன்தான் என்று அவன்...

இல்லை. அவன் வாய் திறக்கவில்லை. வீரம்மா அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போடுவதில்லை.

5

திருப்பச் சொன்னது அண்ணன்தான் என்பதைக் கன்னையா என்னிடம் மட்டும் சொன்னான். செத்தவன் தலையில் பழி போட மாட்டேன், அண்ணிக்கு ஒருநாளும் தெரியக் கூடாது என்றான். சரி என்று அவன் நல்ல கையைப் பிடித்துச் சொன்னவன்தான் இதை எழுதி, பேர்களைக்கூட மாற்றாமல் அச்சுக்கும் கொடுத்துவிட்டேன்.

வீரம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. யாராவது படித்துக் காட்டினால்தான் உண்டு. காட்டினால் கன்னையாவுக்கு அந்த வீட்டில் சோறு கிடைக்கும், அவளுக்குப் புருஷனை நினைத்து நிம்மதியாக அழக்கூட முடியாமல் போகும்.

என் வேலை முடிந்தது. இந்தத் தாள் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.